நான்காவது இசைத்தட்டு

ஊசியை இறக்கியதும் முதலில் கேட்பது சில்வண்டுகளின் இரைச்சல். ஊர் அடங்கிய பிறகு வயல்வரப்பில் நின்றால் கேட்குமே, அதே இரைச்சல். அதற்குள்ளிருந்து ஒரு சாக்ஸபோன், கூட்டத்தைப் பிரிந்த விலங்கு தொலைவில் நின்று குரல் கொடுப்பதைப் போல, நீட்டி நீட்டி அழைக்கிறது. அது ஓய்ந்ததும் ஆளுயர மரப் பேஸ் ஒன்று மெல்ல அடியெடுத்து வைக்கிறது. ஒட்டக நடை. சிம்பலில் குச்சி படும் ஓசை, மணல் சரிவதைப் போல் அந்த நடையைச் சுற்றிப் பரவுகிறது.

1972 அக்டோபரில் இந்தத் தட்டை வாங்கி வீட்டுக்கு எடுத்துப் போன அமெரிக்க இளைஞர்களை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். அவர்கள் காசு கொடுத்தது சாண்டானா என்ற பெயருக்கு. அந்தப் பெயர் என்றால் 'பிளாக் மேஜிக் வுமன்', 'ஓயே கோமோ வா', 'ஈவில் வேஸ்'. உட்கார்ந்திருப்பவரை எழுப்பிவிடும் தாளம், இரண்டாம் முறை கேட்கும்போதே வாயில் ஒட்டிக்கொள்ளும் பாட்டு. இந்தத் தட்டிலோ முதல் மூன்று உருப்படிகளிலும் பாடகர் வாயே திறப்பதில்லை. முதல் சொல் காதில் விழுவதற்குப் பதினொரு நிமிடத்துக்கு மேல் ஆகிறது. அந்தப் பாட்டும் இரண்டே கால் நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. மொத்தம் பத்து உருப்படி, 51 நிமிடம். அவற்றில் பாட்டு என்று சொல்லத்தக்கவை மூன்று.

தட்டின் பெயர் 'காரவான்செராய்'. அன்று தொடங்கிய வாக்குவாதம் அரை நூற்றாண்டு கடந்தும் ஓயவில்லை. சாண்டானா ரசிகர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் போதும், பேச்சு சுற்றி வளைத்து இங்கேதான் வந்து நிற்கும். குழு உச்சிக்குப் போனது இந்தத் தட்டில் என்பார் ஒருவர். குழு செத்தது இந்தத் தட்டில் என்பார் மற்றவர். இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். ஏன் என்று விளங்க, தட்டு வந்த வழியைக் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும்.

கார்லோஸ் சாண்டானா மெக்சிகோவின் அவுட்லான் ஊரில் 1947-ல் பிறந்தவர். அப்பா மரியாச்சிக் குழுவில் வயலின் வாசித்தவர். எல்லை நகரமான திஹுவானாவில் கிடார் பழகி, சான் பிரான்சிஸ்கோவின் மிஷன் பகுதிக்குக் குடும்பத்தோடு வந்து, உணவகத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டே ப்ளூஸ் வாசித்தார். 1966-ல் அங்கே உருவான குழு ஒரு விசித்திரமான கலவை. ஹாமண்ட் ஆர்கன் வாசித்துக்கொண்டே பாடும் கிரெக் ரோலி என்ற வெள்ளைக்கார இளைஞர், நிகராகுவாவிலிருந்து வந்த டிம்பாலே வாசிப்பாளர் சேபீட்டோ ஆரியாஸ், காங்கா வாசித்த மைக்கேல் காரபெல்லோ, பேஸ் கிடாரில் டேவிட் பிரவுன், டிரம்ஸில் மைக்கேல் ஷ்ரீவ். 1969 ஆகஸ்டில் வுட்ஸ்டாக் மேடையில் ஏறியபோது அவர்களுடைய முதல் தட்டு கடைக்கே வந்திருக்கவில்லை. ஷ்ரீவுக்கு அப்போது வயது 20. 'சோல் சாக்ரிஃபைஸ்' நடுவே அவர் தனியாக டிரம்ஸ் வாசிக்கும் காட்சி மறு ஆண்டு வெளிவந்த வுட்ஸ்டாக் படத்தில் இருக்கிறது. பார்த்தவர் மறப்பதில்லை.

முதல் தட்டு அமெரிக்கப் பட்டியலில் 4-ஆம் இடம் வரை போனது. 1970-ல் வந்த 'அப்ராக்ஸஸ்' முதலிடம். 1971-ல் வந்த மூன்றாவதும் முதலிடம். சாண்டானா என்று பெயர் இருப்பதால் பாடுபவரும் கார்லோஸ்தான் என்று இன்றும் பலர் நம்புகிறார்கள். 'பிளாக் மேஜிக் வுமன்' குரலும் 'ஈவில் வேஸ்' குரலும் ரோலியுடையவை. இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும், வாக்குவாதத்தின் வேரில் இதுவும் கிடக்கிறது.

காரவான்செராயின் விதை ஷ்ரீவ் கொண்டுவந்து கொடுத்த தட்டுகளில் இருந்தது. அவருக்கு ஜாஸ் பைத்தியம். மைல்ஸ் டேவிஸ், ஜான் கோல்ட்ரேன் என்று கார்லோஸிடம் கொடுத்துக் கேட்கச் சொன்னார். கார்லோஸ் அதுவரை பி. பி. கிங் வழியில் வந்தவர். ஒரே ஒரு சுரத்தை இழுத்து அழவைக்கத் தெரிந்தவருக்கு, நூறு சுரங்களை ஒரே மூச்சில் கொட்டும் கோல்ட்ரேன் எடுத்த எடுப்பில் பிடிபடவில்லை. பிடிபட்டபோதோ ஆளையே பிடித்துக்கொண்டது.

அந்த ஆண்டுகளில் ராக்குக்கும் ஜாஸுக்கும் நடுவே இருந்த சுவர் இரண்டு பக்கமிருந்தும் இடிக்கப்பட்டுக்கொண்டிருந்தது. மைல்ஸே மின்கருவிகளுக்கு மாறி, ராக் கூட்டம் கூடும் அரங்குகளில் வாசிக்க வந்துவிட்டார். 1970 ஆகஸ்டில், மாசசூசெட்ஸின் டேங்கிள்வுட்டில், பில் கிரஹாம் ஏற்பாடு செய்த நிகழ்ச்சியில் மைல்ஸ் முன்னதாக வாசித்தார். கூட்டம் காத்திருந்தது சாண்டானாவுக்காக. கார்லோஸுக்கு அன்று எவ்வளவு கூச்சமாக இருந்திருக்கும்! இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதே 1970-ல் வந்த மைல்ஸின் 'பிட்சஸ் ப்ரூ' அட்டையையும் சாண்டானாவின் 'அப்ராக்ஸஸ்' அட்டையையும் அலங்கரித்த ஓவியங்கள் ஒரே கையிலிருந்து வந்தவை. ஓவியர் மாட்டி கிளார்வைன். உள்ளே இருக்கும் இசை நெருங்குவதற்கு முன்பே உறைகள் உறவாகிவிட்டன.

1971-ல் குழுவுக்குள் எல்லாம் ஆட்டம் கண்டது. புகழும் பணமும் சின்ன வயதில் வந்து சேர்ந்தால் என்னவெல்லாம் வருமோ அவ்வளவும் வந்தன. சேபீட்டோ மூளை ரத்தக்கசிவால் படுத்துப் பிழைத்தார். காரபெல்லோவுக்கும் கார்லோஸுக்கும் ஒத்துப்போகவில்லை, அவர் இருந்தால் நான் வரமாட்டேன் என்கிற அளவுக்கு முற்றியது. காரபெல்லோ போனார், டேவிட் பிரவுன் போனார். ஆண்டுக் கடைசியில் பெருவின் லிமாவுக்கு நிகழ்ச்சி நடத்தப் போனவர்களை, வாசிக்கவே விடாமல் அரசு திருப்பி அனுப்பியது. நடுவில் ஒரு நல்லதும் நடந்திருந்தது. நீல் ஷோன் என்ற கிடார் சிறுவன் சேர்ந்திருந்தான். 1954-ல் பிறந்தவன். விரல்களில் மின்னல்.

இப்படி ஆட்கள் பாதி போயும் பாதி இருந்தும், 1972 பிப்ரவரியில் சான் பிரான்சிஸ்கோவின் கொலம்பியா ஒலிப்பதிவுக்கூடத்தில் வேலை தொடங்கியது. மே வரை நீண்டது. தயாரிப்பு கார்லோஸும் ஷ்ரீவும். அந்த மாதங்களில் கூடத்துக்குள் வந்து போனவர்களின் பட்டியலைப் பார்த்தாலே குழு உருமாறிக்கொண்டிருந்தது தெரியும். ஆரம்பத்து சாக்ஸபோன் ஹேட்லி காலிமான் என்ற ஜாஸ் கலைஞருடையது. மரப் பேஸ் டாம் ரட்லி. மின் பேஸில் டக் ரௌச். காங்காவில் மிங்கோ லூயிஸ் என்ற இளைஞர். எல்லோருக்கும் மேலாக, போங்கோவில் அர்மாண்டோ பெராசா. 1924-ல் ஹவானாவில் பிறந்தவர். சார்லி பார்க்கரோடும் ஜார்ஜ் ஷியரிங்கோடும் வாசித்த கை அது. இருபதுகளில் இருந்த பிள்ளைகளின் நடுவே ஐம்பதை நெருங்கும் பெரியவர் ஒருவர் வந்து உட்கார்ந்ததும் தாளத்தின் குணமே மாறிவிட்டது. முன்பு தெருவில் கேட்ட தாளம், அவர் வந்த பிறகு கோயில் கருவறைக்குள்ளிருந்து வருவதைப் போல் கேட்கிறது.

பழையவர்களில் சிலர் அங்கேயே இருந்தார்கள். ரோலியின் ஆர்கன் இருந்தது. ஷோனின் கிடார் இருந்தது. கார்லோஸ் போகும் திசை ரோலிக்கு மனத்துக்கு ஒத்துவரவில்லை. மக்களுக்குப் பிடித்த பாட்டுகளைக் கொடுத்துத்தானே இவ்வளவு தூரம் வந்தோம் என்பது அவருடைய நிலை. ஆனாலும் வாசித்தார். மனமில்லாதவர் வாசித்ததைப் போலவே இல்லை என்பதுதான் எனக்கு இன்றும் வியப்பு.

தட்டு முடிந்ததும் கொலம்பியா நிறுவனத்தின் தலைவர் கிளைவ் டேவிஸுக்குப் போட்டுக் காட்டினார்கள். வானொலியில் போட இதில் ஒரு பாட்டுகூட இல்லையே என்றார் அவர். இது உங்கள் தொழில் வாழ்க்கையை நீங்களே மாய்த்துக்கொள்வது என்ற பொருளில் அவர் எச்சரித்ததாகக் கார்லோஸே பல முறை சொல்லியிருக்கிறார். டேவிஸை வில்லனாக்குவது ரசிகர்களுக்குப் பிடித்தமான வேலை. எனக்கு அதில் உடன்பாடில்லை. அவர் எச்சரித்தார், ஆனால் வெளியிட்டார். அட்டையில் குழுவினரின் முகம் கிடையாது. நீலம் படிந்த பாலைவெளி, பெரிய சூரியன், ஒட்டக வரிசை. உட்பக்கத்தில் பரமஹம்ச யோகானந்தரின் தியான நூலிலிருந்து சில வரிகள். இப்படி ஒரு பொருளை முதலிடம் பிடித்த குழுவின் அடுத்த தட்டு என்று கடைக்கு அனுப்பவும் துணிச்சல் வேண்டும்.

காரவான்செராய் என்ற சொல்லைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்கலாம். பாரசீகத்தில் காரவான் என்றால் வணிகக் கூட்டம், சராய் என்றால் தங்குமிடம். ரயில் பயணிகள் எல்லோருக்கும் தெரிந்த முகல்சராயில் இருக்கும் அதே சராய். நம்மிடம் காரவானுக்கு அழகான சொல் இருக்கிறது, சாத்து. கோவலனின் தந்தை மாசாத்துவான், பெருஞ்சாத்தின் தலைவன். தங்குமிடத்துக்குச் சத்திரம், சாவடி. யோகானந்தர் 1920-ல் அமெரிக்கா போய் அங்கேயே வேரூன்றியவர். அவருடைய எழுத்தில் ஊறியிருந்த கார்லோஸ் இந்தப் பெயருக்கு ஒரு விளக்கம் வைத்திருந்தார். பிறந்தும் இறந்தும் மீண்டும் பிறந்தும் போய்க்கொண்டே இருக்கும் உயிர்களின் வரிசைதான் சாத்து. அது இளைப்பாறும் இடம்தான் சத்திரம். முதல் உருப்படியின் பெயரிலேயே மறுபிறவி வருகிறது.

அந்த விளக்கத்தை நான் மதிக்கிறேன். தட்டைக் கேட்கும்போது எனக்குத் தோன்றுவது அதைவிட எளியது. போகிறவர்களும் வருகிறவர்களும் ஓர் இரவு ஒரே கூரையின் கீழ் படுத்து எழுந்த இடம் இந்தத் தட்டு.

முதல் பக்கத்தை இடைவெளியே இல்லாத ஒரே நடையாகக் கோத்திருக்கிறார்கள். ஒன்று முடிவது தெரியாமல் அடுத்தது தொடங்கும். வானொலியில் எடுத்துப் போட நினைத்தவர்கள் எங்கே வெட்டுவது என்று திண்டாடியிருப்பார்கள். ஐந்தாவதாக வருகிறது 'சாங் ஆஃப் த விண்ட்'. ஆறு நிமிடம். இரண்டே இரண்டு கார்டுகள் மாறி மாறி வந்துகொண்டிருக்க, கிடார் ஆலாபனையைப் போல் விரிகிறது. சின்னச் சொற்றொடர், மூச்சு, அதே சொற்றொடர் ஒரு படி மேலே, மூச்சு, பிறகு அணை உடைகிறது. இங்கே ரசிகர்களுக்குள் தனியாக ஒரு சண்டை உண்டு. எந்த இடம் கார்லோஸ், எந்த இடம் ஷோன்? இருவரும் வாசிக்கிறார்கள். இது பதினெட்டு வயதுப் பையனின் வேகம் என்று ஒருவர் ஒரு நொடியைக் காட்டுவார். இல்லை, இந்த இழுப்பு கார்லோஸுக்கு மட்டுமே வரும் என்று மற்றவர் அடுத்த நொடியைக் காட்டுவார். நானும் பல முறை முயன்றிருக்கிறேன். ஒரு கட்டத்துக்கு மேல் பிரித்தறிவதை விட்டுவிட்டு ஆர்கனைக் கேட்கத் தொடங்கினேன். கிடார்களுக்கு அடியில் ரோலி ஈரத்தைப் போல் கசிந்துகொண்டே இருக்கிறார். ஒரு சுரம் கூடுதலாக இல்லை. அந்த ஆர்கனை உருவிவிட்டால் அந்த இரண்டு கிடார்களும் அந்தரத்தில் தொங்கும்.

இரண்டாம் பக்கத்தில் 'ஸ்டோன் ஃப்ளவர்', பிரேசிலின் அந்தோனியோ கார்லோஸ் ஜோபிமின் மெட்டு. அதற்குக் கார்லோஸும் ஷ்ரீவும் சொற்கள் எழுதினார்கள். கடைசியில் ஷ்ரீவ் இயற்றிய 'எவ்ரி ஸ்டெப் ஆஃப் த வே', ஒன்பது நிமிடம். முதல் பாதி பதுங்கி நடக்கும், நடுவில் பாயும். டாம் ஹாரல் எழுதிய வாத்தியக்குழு இசை அலையலையாக வந்து சேரும்போது, வுட்ஸ்டாக்கில் வியர்க்க வியர்க்க வாசித்த அந்த இளைஞர் மூன்றே ஆண்டில் எங்கே வந்து நிற்கிறார் என்று மலைப்பாக இருக்கிறது.

தட்டு பட்டியலில் 8-ஆம் இடம் வரை போனது. வானொலியில் ஓடும் பாட்டு ஒன்றும் இல்லாத தட்டுக்கு அது பெரிய இடம். முந்தைய இரண்டு தட்டும் முதலிடம் என்பதால் அது சறுக்கலாகப் பட்டது. ரோலிங் ஸ்டோன் இதழைத் தொடங்கியவர்களில் ஒருவரும் ஜாஸில் தோய்ந்தவருமான ரால்ஃப் கிளீசன், மைல்ஸின் 'ஆன் த கார்னர்' தட்டோடு சேர்த்து இதைப் பாராட்டி எழுதினார். ஆனால் அதற்குள் சத்திரம் காலியாகத் தொடங்கிவிட்டது. ரோலியும் ஷோனும் கிளம்பிவிட்டார்கள்.

இனி அந்த வாக்குவாதத்துக்கு வருகிறேன்.

எதிர்ப்பவர்கள் சொல்வதில் மேலோட்டமானது, 'பாட்டு எங்கே' என்ற கேள்வி. அதற்குப் பதில் எளிது. பாட்டு வேண்டியவருக்கு முதல் மூன்று தட்டும் இருக்கின்றன, எங்கும் ஓடிவிடவில்லை. ஆனால் அந்தக் கேள்விக்கு அடியில் வேறொரு வருத்தம் இருக்கிறது, அதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். முதல் மூன்று தட்டின் சாண்டானா ஒரு தெருவின் குழு. மெக்சிகோக்காரன், நிகராகுவாக்காரன், கறுப்பன், வெள்ளைக்காரன் என்று மிஷன் பகுதியும் அதைச் சுற்றிய ஊர்களும் ஒரே மேடையில் சேர்ந்து சத்தம் போட்ட குழு. தலைவன் பெயரில் இருந்தாலும் தலைவனுடையதாக இருக்கவில்லை. காரவான்செராயிலிருந்து அது கார்லோஸின் குழு ஆனது. அவர் யாரைத் தேர்ந்தெடுக்கிறாரோ அவர்கள் வாசிப்பார்கள். 'பிளாக் மேஜிக் வுமன்' பாடிய குரல் போய்விட்டது, பெயர் மட்டும் தங்கிவிட்டது. இதைச் சொல்லி வருந்துகிறவர் ஜாஸை வெறுக்கவில்லை. தன் தெரு கலைந்துபோனதற்காக வருந்துகிறார். அந்த வருத்தம் நியாயமானது.

ஆதரிப்பவர்களில் பலர் ஒரு தவறு செய்கிறார்கள். குழு பாட்டிலிருந்து கலைக்கு உயர்ந்தது என்று படிக்கட்டுக் கணக்குப் போடுகிறார்கள். 'ஓயே கோமோ வா' டீட்டோ புவென்டேயின் உருப்படி. கியூபத் தாளங்களை நியூயார்க்கின் நடன மேடைகளில் ஆண்ட மேதை அவர். அந்தப் பாட்டில் ரோலியின் ஆர்கன் அடிக்கும் அந்தச் சின்ன வெட்டுத் தாளம் எந்த ஜாஸ் தனிக்கும் குறைந்ததில்லை. ஆட வைப்பது தாழ்ந்தது, தியானிக்க வைப்பது உயர்ந்தது என்று சொல்கிறவர் தாளத்தை அறியாதவர்.

மூன்றாவது தரப்பு ஒன்று உண்டு, ஜாஸ்காரர்கள். இது ஜாஸே இல்லை என்பார்கள். கார்டு மாற்றம் குறைவு, பீபாப்பின் நுட்பம் இல்லை, ராக் பையன்களின் கனவு என்பார்கள். சரிதான், ஜாஸ் இல்லை. ஜாஸிடமிருந்து இவர்கள் எடுத்துக்கொண்டது அதன் பொறுமையை. பேஸ் தனியாக நடக்கட்டும் என்று மற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டிருப்பது, தட்டின் தொடக்கத்தை வேறொருவரின் சாக்ஸபோனுக்கு விட்டுக்கொடுப்பது, மௌனத்தை நிரப்பாமல் விடுவது. இருபது சொச்சம் வயதில், உலகமே கைதட்டிக்கொண்டிருக்கும்போது, இதைக் கற்றுக்கொண்டவர்கள் எத்தனை பேர்?

என் வாதம் வேறு இடத்தில் இருக்கிறது. அடுத்த தட்டுகளைக் கேட்டால் அது விளங்கும். 1973-ல் கார்லோஸ் ஸ்ரீ சின்மயின் சீடராகி தேவதீப் என்ற பெயர் பெற்றார். அதே குருவின் சீடரான ஜான் மெக்லாஃப்ளினோடு சேர்ந்து வெளியிட்ட தட்டில் கோல்ட்ரேனின் உருப்படிகளை வாசித்தார். அந்த மெக்லாஃப்ளின்தான் பின்னால் எல். சங்கரின் வயலினோடும் விக்கு விநாயக்ராமின் கடத்தோடும் ஜாகிர் உசேனின் தபலாவோடும் 'சக்தி' குழுவை அமைத்தவர். இந்த ஓட்டத்தின் ஒரு கிளை நம் வாசல்வரை வந்தது அப்படித்தான். 1973 கடைசியில் 'வெல்கம்', பெயரே கோல்ட்ரேனின் உருப்படி ஒன்றுக்குரியது. 25-ஆம் இடம். 1974-ல் 'போர்போலெட்டா', 20-ஆம் இடம். அதே ஆண்டு, ஒசாகாவில் பதிவு செய்த 'லோட்டஸ்' மூன்று தட்டுத் தொகுப்பாக ஜப்பானில் வந்தது. அதன் உறையை டடனோரி யோகூ செய்தார், விரித்துக்கொண்டே போகலாம். 1976-ல் 'அமிகோஸ்' வழியாகத் தாளத்துக்கும் ஆட்டத்துக்கும் திரும்பி 10-ஆம் இடம்.

'வெல்கம்' அழகான தட்டு. அதில் எல்லோரும் ஒரே பக்கம் பார்த்து நிற்கிறார்கள். எல்லோருக்கும் சம்மதம். காரவான்செராயில் சம்மதமில்லாதவர்கள் வாசிக்கிறார்கள். ரோலியின் ஆர்கன் தெருப் பக்கம் இழுக்கிறது, ஷ்ரீவின் சிம்பல் ஆகாயப் பக்கம் இழுக்கிறது, ஷோன் எந்தப் பக்கமும் இல்லாமல் எரிகிறார். அந்த இழுவிசைதான் தட்டை விறைப்பாக வைத்திருக்கிறது, இரு கை பிடித்து இழுத்த கயிற்றைப் போல. ஒரு கை விட்டதும் கயிறு தொய்ந்தது. ஆக, எதிர்ப்பவர் யாருக்காக அழுகிறாரோ அவரும், ஆதரிப்பவர் எதைக் கொண்டாடுகிறாரோ அதுவும் ஒரே பள்ளத்தில் பதிந்திருக்கின்றன. ரோலி இல்லாமல் இந்தத் தட்டு இல்லை. இந்தத் தட்டு வந்த பிறகு ரோலி இல்லை.

விட்டுப் போனவர்களின் கதையும் கேட்கத் தகுந்தது. ரோலி சியாட்டிலுக்குப் போய் அப்பாவோடு சேர்ந்து உணவகம் நடத்தினார். பிறகு 1973-ல் அவரும் ஷோனும் சான் பிரான்சிஸ்கோவில் புதுக் குழு அமைத்தார்கள். பெயர் 'ஜர்னி'. வெற்றிப் பாட்டுகளை விட்டு விலகுவது பிடிக்காமல் போனவரின் குழு எப்படி வாசித்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? 1975-ல் வந்த அவர்களின் முதல் தட்டில் நீண்ட கருவியிசை, ஜாஸ் கலந்த ராக். அடுத்த இரண்டு தட்டும் பெரிதாக விற்கவில்லை. நல்ல பாடகர் ஒருவரைச் சேருங்கள் என்று நிறுவனம் நெருக்கியது. அந்த நிறுவனமும் கொலம்பியாதான். 1977-ல் ஸ்டீவ் பெரி வந்தார், பாட்டுகள் உலகமெங்கும் ஓடின. அங்கேயும் ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள், திசை மட்டும் தலைகீழ். ஆரம்பத்து ஜர்னிதான் நிஜமான ஜர்னி, பாட்டு வந்து கெடுத்துவிட்டது என்று சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். சாண்டானாவில் குடித்த தண்ணீர் அவர்களையும் விடவில்லை.

கிளைவ் டேவிஸ் 1973-ல் கொலம்பியாவிலிருந்து நீக்கப்பட்டார், பின்பு அரிஸ்டா நிறுவனத்தை நடத்தினார். காரவான்செராய்க்கு 27 ஆண்டுகள் கழித்து, 1999-ல், அதே டேவிஸின் நிறுவனத்தில் அதே கார்லோஸ் 'சூப்பர்நேச்சுரல்' வெளியிட்டார். 'ஸ்மூத்' 12 வாரம் முதலிடம். அமெரிக்காவில் மட்டும் ஒரு கோடியே ஐம்பது லட்சம் படிகளுக்கான சான்று. 1972-ல் டேவிஸ் கேட்ட பாட்டு கடைசியில் அவருக்குக் கிடைத்தது. அந்தப் பாட்டில் மயங்கி உள்ளே வந்த புது ரசிகர்களில் சிலர் பழைய தட்டுகளைத் தேடிப் போய், சில்வண்டுச் சத்தத்தில் வந்து முட்டி, கருவி கெட்டுவிட்டதோ என்று ஒலியைக் கூட்டிப் பார்த்திருப்பார்கள் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றுகிறது.

2016-ல் இந்தத் தட்டின் வாழ்க்கையில் எனக்கு மிகவும் நெருக்கமான ஒன்று நடந்தது. ஷோனின் முயற்சியால் பழையவர்கள் மறுபடி கூடினார்கள். கார்லோஸ், ரோலி, ஷோன், ஷ்ரீவ், காரபெல்லோ. 1971-க்குப் பிறகு இவர்கள் சேர்ந்து செய்த முதல் தட்டு. அதற்கு 'சாண்டானா 4' என்று எண் போட்டார்கள்.

முதல் தட்டின் பெயர் வெறும் 'சாண்டானா'. மூன்றாவதன் பெயரும் வெறும் 'சாண்டானா'. குழப்பம் வராமலிருக்க அதை 'மூன்று' என்று அழைத்தது பெரும்பாலும் ரசிகர்கள்தான். அந்த எண்ணைக் குழுவே எடுத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து எண்ணத் தொடங்கியது. மூன்றுக்கு அடுத்தது நான்கு. அப்படியானால் நடுவே 1972-ல் வந்தது எதில் சேர்த்தி? எதிர்ப்பவர்கள் இந்த எண்ணைக் காட்டி, பார்த்தாயா, அவர்களே ஒப்புக்கொண்டுவிட்டார்கள் என்றார்கள். ஆதரிப்பவர்கள், அந்தத் தட்டு எண்ணிக்கைக்குள் அடங்காதது என்றார்கள். வாக்குவாதத்துக்குப் புதிய விறகு கிடைத்தது.

என் அலமாரியில் வந்த வரிசைப்படிதான் வைத்திருக்கிறேன். 'அப்ராக்ஸஸ்', 'மூன்று', பிறகு அந்த நீலப் பாலைவனம். 'நான்கு' வெகு தள்ளி, நாற்பத்து நான்கு ஆண்டுகளுக்கு அப்பால். சில இரவுகளில் இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்பேன். பின்னதில் ரோலியின் குரல் முதிர்ந்திருக்கிறது, ஷோனின் விரல் முதிரவில்லை. சிம்பலைத் தட்டாமல் தடவிவிட்டுப் போகும் அந்தக் கை மட்டும் இரண்டிலும் அடையாளம் தெரிகிறது. கார்லோஸிடம் முதன்முதலில் மைல்ஸ் தட்டைக் கொண்டுபோய்க் கொடுத்த ஷ்ரீவின் கை அது.